பால்குடப் பதிவு எடுக்கும் தொண்டூழியர்கள் கவனத்திற்கு

தைப்பூசப் பால்குடப் பதிவுக்கு இந்த வருஷமும் நம்ம தம்பி செய்து கொடுத்த பக்கத்தைத்தான் பயன்படுத்தப் போறோம். ஆரம்பிக்கும் முன்னாடி ஒரு விஷயம் சொல்லணும். கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

மண்டபத்துக்குப் பின்னாடி லைன் கிடைக்காதுன்னு எல்லாருக்கும் தெரியும். அதனால லைன் இல்லாவிட்டாலும் பெயர், நட்சத்திரம், எத்தனை குடம் எல்லாத்தையும் போனிலேயே சேமிக்கிற மாதிரி தம்பி செய்திருக்கார். நல்ல வேலை. ஆனால் 'சேமிக்கப்பட்டது' என்று பச்சை எழுத்து வந்ததும் அது கோயில் கணினிக்குப் போயிடுச்சுன்னு பலர் நினைக்கிறாங்க. போகலை. அந்தப் போன்ல, அந்த பிரவுசருக்குள்ளதான் இருக்கு. லைன் கிடைச்ச பிறகு 'அனுப்பு' அழுத்தினால்தான் போகும்.

போன வருஷம் அக்கா ஒருத்தர் ஐபோனில் நிறைய பெயர் எழுதி வைத்திருந்தார். மகள் வீட்டுக்குப் போய், பத்து நாளைக்கு மேல கழிச்சு வந்து திறந்தால் ஒண்ணுமே இல்லை. பாவம், அழுதே விட்டார். விரதம் இருந்து குடத்தோடு வந்து நிற்கிற பாட்டியிடம் 'உங்க பெயர் லிஸ்ட்ல இல்லை'ன்னு யார் சொல்றது? ஒவ்வொருத்தருக்கா போன் போட்டுத் திரும்ப எழுதினோம். அப்போ சில பேர் தம்பியைக் குறை சொன்னாங்க. அது நியாயமே இல்லை. 2020லிருந்து சபாரியில் ஒரு விதி இருக்கு. நாம சபாரியைப் பயன்படுத்துகிற நாளில் 7 நாள் ஒரு பக்கத்தைத் தொடாமல் விட்டால், அந்தப் பக்கம் சேமித்ததை அது துடைச்சிடும். விளம்பரக்காரங்க நம்மைப் பின்தொடரக் கூடாதுன்னு வைத்த விதி, அக்கா லிஸ்ட்டையும் சேர்த்து வாரிக்கிட்டுப் போச்சு.

அந்தப் பக்கத்தை ஹோம் ஸ்கிரீனில் சேர்த்துத் திறந்தால் இந்த 7 நாள் கணக்கு தொந்தரவு பண்ணாது. ஆனால் சபாரியில் ஏற்கெனவே எழுதினது அங்கே தெரியாது, அது தனி டப்பா. அதனால முதல்ல அனுப்பிட்டு, பிறகு சேருங்க. முகநூலுக்குள்ளேயே லிங்கைத் தட்டித் திறந்தால் அதுவும் வேற டப்பாதான். இன்காக்னிடோவில் எழுதவே எழுதாதீங்க, மூடினதும் போயிடும்.

ஆண்ட்ராய்டு குரோமில் இந்த 7 நாள் விதி கிடையாது. ஆனாலும் போனில் இடம் நிரம்பினால் பிரவுசர் பழசை அழிக்கலாம். 'அழிக்காதே' என்று பிரவுசரிடம் கேட்கிற வரியையும் தம்பி இப்போ சேர்த்திருக்கார். அது ஒத்துக்கலாம், மறுக்கவும் செய்யலாம். ஒத்துக்கிட்டாலும், பிள்ளைங்க பார்க்கக் கூடாதுன்னு ஹிஸ்டரியோட எல்லாத்தையும் நாமளே துடைச்சா யார் என்ன செய்ய முடியும்!

எங்க ஃபேக்டரியில் வெள்ளைப் பலகையில் எழுதின எண்ணிக்கையை லாக் புக்கில் ஏத்தாமல் ஷிப்ட் முடிஞ்சு யாரையும் வீட்டுக்கு விடமாட்டேன். இங்கேயும் அப்படித்தான். பதிவு முடிஞ்சதும் வாசல் பக்கம் வந்து, லைன் பிடிச்சு, அனுப்பி, கணினியில் இருக்கிற தம்பியிடம் எண்ணிக்கை சரியான்னு கேட்டுட்டுக் கிளம்புங்க.

வர்ற ஞாயிறு காலைப் பூசைக்குப் பிறகு எல்லாரும் போனோட மண்டபத்துக்கு வாங்க. ஐபோன் வைத்திருப்பவங்க முதல்ல. சார்ஜ் போட்டுக் கொண்டு வாங்க.