எட்டுக்கும் ஒன்றுக்கும் இடையில்

கிழக்கு லண்டன், கஸ்டம் ஹவுஸ். நாலு மாடிக் கட்டடம். நெற்றியில் 1971 என்று பொறித்திருக்கிறது. லிஃப்ட் இல்லை. இரண்டாம் மாடியின் நீண்ட விறாந்தையில் பன்னிரண்டு கதவுகள். ஒன்பது நீலம். மூன்று வேறு நிறம்.

நீலக் கதவுகள் கவுன்சிலுடையவை. மற்ற மூன்றும் 1980ஆம் ஆண்டுச் சட்டம் வந்தபின் குடியிருந்தவர்களே வாங்கிக்கொண்ட வீடுகள். வாங்கிய கையோடு கதவை மாற்றியிருக்கிறார்கள். ஒன்றுக்குப் பித்தளைக் கைபிடி. ஒன்றுக்குப் பூ வேலைக் கண்ணாடி. மூன்றாவதன் பக்கத்தில் வாடகை முகவரின் பலகை தொங்குகிறது. அதே அறை அளவு. அதே யன்னல். வாடகை மட்டும் நீலக் கதவுக்காரர் கட்டுவதைப்போல் இரண்டு மடங்கைத் தாண்டும்.

நீலக் கதவுகளில் ஒன்று இன்று திறந்திருக்கிறது. தானாக மூடிக்கொள்ளும் தீத்தடுப்புக் கதவு. பத்துக் கிலோ அரிசிப் பை ஒன்று அதை மூடவிடாமல் மறித்துக் கிடக்கிறது. கதவை எப்போதும் மூடி வைக்கும்படி சொல்லும் அறிவிப்பு, பைக்கு நேர் மேலே ஒட்டியிருக்கிறது.

செவ்வாய்க்கிழமை. ஒக்ரோபர் விடுமுறை; பள்ளிக்கூடம் இல்லை. காஸ்காரர் காலை 8 மணிக்கும் பகல் 1 மணிக்கும் இடையில் வருவார். எத்தனை மணிக்கு என்று கடிதத்தில் இல்லை. வீட்டில் ஆள் இருக்க வேண்டும் என்பது மட்டும் தடித்த எழுத்தில் இருக்கிறது.

தாய் ஏழு மணிக்கே வந்து நிற்கிறாள். அவளுடைய கைமணிக்கூடு எட்டு என்கிறது. ஞாயிறு விடியற்காலை நாடு முழுவதும் மணிக்கூடுகள் ஒரு மணி நேரம் பின்னால் போயின. அவளுடையது போகவில்லை.

வாசலில் பழக்கத்தில் செருப்பைக் கழற்றுகிறாள். இரண்டு எட்டு வைக்கிறாள். திரும்பி வந்து போட்டுக்கொள்கிறாள். கார்ப்பெட்டைக் கவுன்சில் பிடுங்கி எடுத்துவிட்டது. அதைப் பிடித்திருந்த ஆணிப் பட்டிகள் சுவரோரம் அப்படியே இருக்கின்றன.

பல்ப் இல்லை. திரைச்சீலை இல்லை. குசினியில் அடுப்பு இல்லை, பிரிட்ஜ் இல்லை. அவை நிற்க வேண்டிய இடங்கள் இருக்கின்றன.

சின்னவனுக்கு எட்டு வயது. ஒவ்வொரு அறையாகப் போகிறான். கதவைச் சாத்துகிறான்.

"அம்மா, கேக்குதா?"

"கேக்குது."

அடுத்த அறை. "இப்ப கேக்குதா?"

"கேக்குது."

குளியலறையிலிருந்து சத்தம் வருகிறது. சொல் விளங்கவில்லை. தாய் பதில் சொல்லவில்லை. அவன் வெளியே வருகிறான். முகத்தில் வெற்றி. இல்ஃபோர்டில் நாலு பேரும் ஒரே அறை. அங்கே யாரும் யாரையும் கத்திக் கூப்பிட்டதில்லை. இப்போது அந்த அறையில் தகப்பன் தூங்கிக்கொண்டிருக்கிறார். பெற்றோல் ஸ்டேஷனில் இரவு வேலை. அவரைச் சுற்றி நீலக் கட்டம் போட்ட பைகள் அடுக்கியிருக்கின்றன. அந்த அறையின் திறப்பை வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்துவிட வேண்டும்.

நடையில் ஒரு பெரிய சுவர் அலுமாரி. தட்டுகள் இல்லை, ஆள் நிற்கலாம். பார்க்கர் மொரிஸ் குழு 1961இல் கொடுத்த அறிக்கையின் வேலை அது. வீடு என்றால் சாமான் வைக்கவும் இடம் வேண்டும், இத்தனை பாகை சூடு வேண்டும் என்று அந்தக் குழு அளந்து எழுதியது. 1969 முதல் கவுன்சில்கள் கட்டும் வீடுகளுக்கு அந்த அளவு கட்டாயமானது. 1980இல் கட்டாயம் போய்விட்டது. அலுமாரி போகவில்லை. சின்னவன் உள்ளே போய் உட்காருகிறான். இது தன்னுடைய அறை என்கிறான்.

மகளுக்குப் பதினைந்து. கழுத்தில் தையல் நாடா. கையில் குடியிருப்போர் கைநூல். ஒவ்வொரு வாரமும் கவுன்சில் தளத்தில் வீடு பார்த்து பிட் போட்டது அவள்தான். பாஸ்வேர்ட் அவளுக்கு மட்டும்தான் தெரியும். யன்னலை அளக்கிறாள். அளவை உள்ளங்கையில் எழுதுகிறாள். குசினியில் இரண்டு அலுமாரிகளுக்கு நடுவே உள்ள இடைவெளியையும் அளந்து எழுதுகிறாள்.

தாய்மாமன் வானோடு வருகிறார். ட்ரில் வைத்திருக்கிறார். சுவரைத் தட்டிப் பார்க்கிறார். அண்ணாந்து பார்க்கிறார்.

"மாமா, சீலிங்ல ட்ரில் பண்ணக் கூடாதாம். அஸ்பெஸ்டஸ் இருக்கலாமாம். பதினாலாம் பக்கம்."

"அப்ப சுவரில?"

"கேட்டுப் போட்டுத்தான்."

மாமன் ட்ரில்லை நிலத்தில் வைக்கிறார். வரவேற்பறைச் சுவரில் ஓர் ஆணி தட்டுப்படுகிறது. முந்தி இருந்தவர்கள் அடித்தது. கவுன்சில் சுவரோடு சேர்த்து அதற்கும் வெள்ளை அடித்திருக்கிறது. தாய் பையிலிருந்து பிள்ளையார் படத்தை எடுக்கிறாள். ஆணிக்கு அளவெடுத்ததுபோல் கொழுவுகிறது.

குளியலறை மூலையிலும் புதுப் பெயின்ற். மாமன் மோந்து பார்க்கிறார். வெள்ளைக்குக் கீழே உள்ளங்கை அகலத்தில் ஒரு சாம்பல் நிழல். மகள் அதைப் போனில் படம் எடுக்கிறாள். திகதி விழும்படி எடுக்கிறாள். 2020 டிசம்பரில் ரொச்டேலில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை, வீட்டுப் பூஞ்சணத்தை நீண்ட காலம் சுவாசித்ததால் இறந்தது. அந்தப் பெயரால் அழைக்கப்படும் சட்டம் நேற்று, 2025 ஒக்ரோபர் 27ஆம் திகதி, நடைமுறைக்கு வந்தது. ஈரமும் பூஞ்சணமும் பற்றி முறையிட்டால், ஆபத்து இருக்கக்கூடியதைக் கவுன்சில் 10 வேலை நாட்களுக்குள் வந்து பார்க்க வேண்டும். இந்த வீட்டின் வாடகைக் கணக்கும் நேற்றுத்தான் தொடங்கியது.

மணி ஒன்பதரை. விறாந்தையில் காலடி. எல்லோரும் நிமிர்கிறார்கள். தபால்காரர். ஐந்து கடிதங்கள், ஐந்தும் முந்தி இருந்தவருக்கு.

மின் மீட்டர் வாசலுக்கு மேலே. அதில் ஒரு பழைய கீ செருகியபடி இருக்கிறது. மாமன் அதை எடுத்து டொப் அப் போடலாம் என்கிறார்.

"வேண்டாம் மாமா. அவையின்ர கடனும் சேர்ந்து கழியும்."

மகள் புதுக் கீயை எடுக்கிறாள். மூலைக்கடையில் நேற்றே பத்துப் பவுண் போட்டு வைத்தது. மீட்டரில் எண் எழும்புகிறது. 10.00. சின்னவன் அலுமாரியை விட்டு வெளியே வந்து மீட்டரின் கீழ் நிற்கிறான். அன்று முழுவதும் அவனுடைய வேலை அதுவாகிறது.

பத்தரை. பதினொன்று. கதிரை இல்லை. தாய் அரிசிப் பைமேல் உட்காருகிறாள். மாமன் யன்னல் விளிம்பில் சாய்கிறார். விமானம் ஒன்று தாழப் போகிறது. கண்ணாடி லேசாக அதிர்கிறது. மகள் கைநூலைப் பக்கம் பக்கமாகப் புரட்டுகிறாள்.

"முதல் பன்னிரண்டு மாதம் எங்களைப் பாப்பினமாம், அம்மா."

"என்னத்தைப் பாப்பினம்?"

"வாடகை ஒழுங்காக் கட்டுறமோ, சத்தம் போடுறமோ எண்டு."

தாய் எழுந்து குசினிக்குப் போகிறாள்.

பையின் அடியில், துவாயில் சுற்றியபடி, ஒற்றைத் தட்டு மின் அடுப்பு. இல்ஃபோர்ட் அறையில் சமைக்கத் தடை. சோதனைக்கு ஆள் வரும் ஒவ்வொரு முறையும் அந்த அடுப்பு கட்டிலுக்குக் கீழே, சூட்கேசுக்குப் பின்னால், துவாய்க்குள் போகும். இப்போது அவள் அதைக் குசினித் தட்டில் வைக்கிறாள். கழுவித் துடைத்த சட்டி. ஒரு பைன்ட் பால்.

"கிழக்கு எந்தப் பக்கம்?"

மகள் போனில் திசைகாட்டியைத் திறக்கிறாள். வட்டமாகச் சுழல்கிறாள். "எயார்போட் பக்கம்."

தாய் கவுன்சில் கடித உறையை நாலாக மடிக்கிறாள். அடுப்பின் மேற்குக் காலுக்குக் கீழே செருகுகிறாள். சட்டி ஒரு நூல் சாய்கிறது. யாரும் எதுவும் சொல்லவில்லை.

"எட்டு எழுபத்தொண்டு," என்கிறான் சின்னவன் வாசலிலிருந்து.

பால் சுருங்குகிறது, எழும்புகிறது, கிழக்கே வழிகிறது. தட்டில் விழுந்து கருகுகிறது. புகை அலாரம் அலறத் தொடங்குகிறது.

சின்னவன் காதைப் பொத்துகிறான். மாமன் யன்னலைத் திறக்கப் பார்க்கிறார். பெயின்ற் பிடித்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. வாசலில் தட்டும் சத்தம். தாய் கண்ணிமைக்கும் நேரத்தில் செருகியைப் பிடுங்குகிறாள். அடுப்பைத் துவாயோடு தூக்குகிறாள். கீழ் அலுமாரிக்குள் தள்ளிச் சாத்துகிறாள். பிறகு தலைமயிரை ஒதுக்கிக்கொண்டு வாசலுக்கு வருகிறாள்.

பக்கத்து வீட்டுக் கிழவி. ஒரு கையில் ஊன்றுகோல், மறு கையில் பாத்திரம் துடைக்கும் துணி. அனுமதி கேட்காமல் உள்ளே வருகிறாள். அலாரத்துக்குக் கீழே நின்று துணியை விசிறுகிறாள். ஆறு, ஏழு வீச்சு. அலாரம் அடங்குகிறது. இந்தக் கட்டடத்தில் தோசைக்கல்லுக்கும் டோஸ்டுக்கும் ஒரே வைத்தியம் என்பதுபோல் துணியைத் தோளில் போட்டுக்கொள்கிறாள்.

அவளுக்குப் பால் கொடுக்கப்படுகிறது. கண்ணாடிக் கிளாசில், சீனி அதிகமாக. ஒரு மிடறு குடிக்கிறாள். யாருக்காகக் காத்திருக்கிறார்கள் என்று கேட்கிறாள். காஸ்காரர் என்றதும் விறாந்தைக்கு வந்து ஊன்றுகோலைத் தூக்கிக் காட்டுகிறாள். அந்தப் பக்கம், அந்தக் கூரைகளுக்கு அப்பால். ரோனன் பொயின்ற் என்ற 22 மாடிக் கட்டடம் அங்கேதான் நின்றது. 1968 மே 16, விடியற்காலை. ஆட்கள் குடிவந்து இரண்டு மாதம்தான். பதினெட்டாம் மாடியில் ஒரு பெண் தேத்தண்ணீர் வைக்கக் காஸ் அடுப்பைப் பற்றவைத்தாள். கட்டடத்தின் ஒரு மூலை மேலிருந்து கீழ்வரை சரிந்தது. அவள் பிழைத்தாள். நாலு பேர் செத்தார்கள். கொங்கிறீற் பலகைகளை அட்டைப் பெட்டிபோல் அடுக்கிய கட்டடம். 1986இல் முழுவதையும் இடித்தார்கள்.

மகள் தாய்க்குத் தமிழில் சொல்கிறாள். இறந்தவர் தொகையை விட்டுவிட்டுச் சொல்கிறாள்.

கிழவி ஊன்றுகோலால் சுவரைத் தட்டுகிறாள். இது செங்கல் என்கிறாள். பாலைக் குடித்து முடிக்கிறாள். கிளாசைத் திருப்பிக் கொடுக்காமல் தன் வீட்டுக்குக் கொண்டுபோகிறாள்.

பன்னிரண்டு. பன்னிரண்டரை. கடிதம் மறுபடி விரிக்கப்படுகிறது. திகதி சரி. கதவு இலக்கம் சரி. மடிக்கப்படுகிறது.

ஒரு மணிக்கு எட்டு நிமிடம் இருக்கிறது. தட்டும் சத்தம். தாயின் கை முதலில் கீழ் அலுமாரிக் கதவுக்குப் போகிறது. அடுப்பு உள்ளேதான் இருக்கிறது. இருந்தும் ஒருமுறை அழுத்திச் சாத்துகிறாள்.

காஸ்காரர் உயரம். சப்பாத்துமேல் நீலப் பிளாஸ்டிக் உறை. நேரே காஸ் மீட்டரைப் பார்க்கிறார். கார்ட் எங்கே என்கிறார். மீட்டரில் காசு இல்லாமல் சோதிக்க முடியாது. கார்ட் இன்னும் தபாலில் வரவில்லை. மகளின் போனில் கம்பனி அனுப்பிய குறியீடு இருக்கிறது. கடையில் அதைக் காட்டினால் புதுக் கார்ட் கிடைக்கும். அவர் மணி பார்க்கிறார். பதினைந்து நிமிடம் என்கிறார்.

மகள் ஓடுகிறாள். சின்னவன் பின்னால் ஓடுகிறான். படிக்கட்டில் காலடிகள் இறங்கிக் குறைகின்றன.

குசினியில் மூன்று பெரியவர்கள். காஸ்காரர் பொயிலரின் மூடியைத் திறந்து வைக்கிறார். திரும்பும்போது கீழ் அலுமாரியிலிருந்து ஒரு செருகி தொங்குவதைப் பார்க்கிறார். தட்டில் பால் கறையைப் பார்க்கிறார். பொயிலர் பக்கம் திரும்பிக்கொள்கிறார். தாய் மெதுவாக நகர்ந்து செருகியை மறைத்து நிற்கிறாள்.

பதினேழாவது நிமிடம் கார்ட் வருகிறது. சின்னவன் முந்திவிட்டான். மூச்சு வாங்குகிறது. இவ்வளவு நேரம் மீட்டர் பார்க்க ஆளில்லாமல் போனது நினைவு வந்து வாசலில் அண்ணாந்து நிற்கிறான். "எட்டு பன்னிரண்டு."

காஸ்காரர் அழுத்தமானியைப் பொருத்துகிறார். எண் அசையாமல் நிற்கிறதா என்று பார்க்கிறார். அவரைச் சுற்றி நாலு பேர் அதே எண்ணைப் பார்க்கிறார்கள். அசையவில்லை. பொயில‌ர் பற்றுகிறது. குழாய்களுக்குள் தட்டுச் சத்தம் ஓடுகிறது. தாய் ரேடியேட்டரில் புறங்கையை வைக்கிறாள். அங்கேயே வைத்திருக்கிறாள்.

டப்லெட் நீட்டப்படுகிறது. விரலால் கையெழுத்து. தமிழில் போட்ட எழுத்து கண்ணாடியில் ஒரு நெளிந்த கோடாக விழுகிறது. போதும் என்கிறார்.

அடுப்பு பூட்டுவது அவருடைய வேலைத்தாளில் இல்லை. போகிற போக்கில் இரண்டு அலுமாரிகளுக்கு நடுவே உள்ள இடைவெளியைக் கண்ணால் அளக்கிறார். ஐம்பது என்கிறார்.

மகள் உள்ளங்கையைப் பார்க்கிறாள். வியர்வையில் ஊறிய மை. 50.

மாமன் வானில் ஓர் அடுப்பு வந்திருக்கிறது. பழைய சாமான் கடையில் நேற்று வாங்கியது. நாலு பேர்னர், நல்ல பாரம், துரு இல்லை. மாமன் தையல் நாடாவை வாங்கிக்கொண்டு படியிறங்குகிறார். திரும்பி வருகிறார்.

"அறுபது."

இடைவெளியை அவரே மறுபடி அளக்கிறார். ஐம்பது. நாடாவைத் தலைகீழாகப் பிடித்து அளக்கிறார்.

"அக்கா, இந்த அலுமாரியில ஒரு பத்து சென்ரிமீற்றர் வெட்டினாச் சரி."

"வெட்டலாமோ பிள்ளை?" என்று தாய் மகளைக் கேட்கிறாள்.

மகள் நிலத்தில் சப்பாணி கட்டி உட்கார்ந்து கைநூலைத் திறக்கிறாள். மாமன் ட்ரில்லுக்குப் பக்கத்திலிருந்து வாளை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார்.

"விண்ணப்பம் எழுதிப் போட வேணுமாம்," என்கிறாள் மகள். "வந்து பாத்துட்டுத்தான் சொல்லுவினமாம்."

"எப்ப வருவினமாம்?"

மகள் பக்கத்தைத் திருப்புகிறாள்.