கிட்டாரும் காலப்பிரமாணமும்

‘சுருதி மாதா, லயம் பிதா’ என்பது இசையுலகில் வழங்கிவரும் பழமொழி. எங்கள் பள்ளியின் கிட்டார்க் குழுவினராகிய நாங்கள் அறுவரும் மாதாவின் தயவை எளிதில் பெற்றுவிட்டோம். சுருதி சேர்க்க இன்று சிறு கருவி இருக்கிறது. தந்தியைத் தட்டிப் பார்த்து முள் நடுவில் நிற்கும்வரை முறுக்கினால் போதும். பிதாதான் எங்களிடம் சற்றுக் கண்டிப்பாக நடந்துகொண்டார்!

கிறிஸ்துமஸ் விழாவில் மூன்றாம் வகுப்புச் சிறுமியர் பாடும் ‘சைலண்ட் நைட்’ பாடலுக்கு நாங்கள் வாசிப்பதென்று ஜூலையிலேயே முடிவாயிற்று. இப்பாடலுக்கும் கிட்டாருக்கும் உள்ள உறவு பழையது. 1818-ஆம் ஆண்டு டிசம்பர் 24-ஆம் நாள், ஆஸ்திரியாவில் ஓபர்ன்டார்ஃப் என்னும் ஊரின் ஆலயத்தில் அது முதன்முதலாகப் பாடப்பட்டபோது துணைக்கு ஒலித்தது கிட்டார்தான். பாடலை எழுதிய உதவிக் குருவாகிய ஜோசப் மோர் கிட்டாரை மீட்டிப் பாட, மெட்டமைத்த ஆசிரியர் ஃபிரான்ஸ் கிரூபர் உடன் பாடினார். மெதுவான பாட்டு, ஜி, சி, டி7 என்று மூன்றே கார்டுகள். இதைவிட எளிதாக வேறென்ன கிடைக்கும் என்று எங்கள் வீட்டார் சொன்னார்கள். வாசித்துப் பார்த்தவர்களுக்கல்லவா தெரியும்!

ஆகஸ்டில் ஒத்திகை பார்த்த இசையாசிரியை கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டார். ஒரு சரணத்தில் 12 கட்டங்கள். கட்டத்துக்கு 6 எண்ணிக்கை. ஆக 72 எண்ணிக்கை. நிமிடத்துக்கு 96 என்ற வேகத்தில் போனால் ஒரு சரணம் 45 விநாடியில் முடிய வேண்டும். முதல் சரணம் 45-இல் முடிந்தது. மூன்றாம் சரணமோ 39-இல்! “பிள்ளைங்களா, அந்தக் குழந்தைங்க எங்கேதான் மூச்சு விடும்?” என்று கேட்டார் மிஸ். ஒன்பது, பத்தாம் கட்டங்களில் மெட்டு உச்சிக்கு ஏறுகிறது. அதற்கு முன் நெஞ்சு நிறைய மூச்சிழுக்காவிட்டால் எட்டு வயதுக் குரல் கீச்சிடாமல் என்ன செய்யும்? பதிவுசெய்த இசையை ஒலிபெருக்கியில் போட்டுவிடலாமே என்ற பேச்சு எழுந்தது. அப்படியானால் கிட்டார்கள் உறைக்குள்ளேயே இருக்க வேண்டியதுதான். சிஸ்டர் எங்களுக்கு நவம்பர் இறுதிவரை தவணை கொடுத்தார்கள்.

எங்களில் ஒருத்தியின் அப்பா, நல்ல கிட்டாராக வாங்கித் தந்தால் சரியாகிவிடுமா என்று அன்போடு கேட்டார். விலை உயர்ந்த கிட்டாரும் நம் கை போகிற வேகத்தில்தானே போகும்!

இசையறை அலமாரியில் கோபுரம்போல் ஒரு மரப்பெட்டி உண்டு. அதுதான் மெட்ரோனோம். இதன் அமைப்பை ஆம்ஸ்டர்டாம் நகரில் வின்கெல் என்பவர் 1814-இல் கண்டார். அடுத்த ஆண்டே மெல்ட்சல் என்பவர் அதில் எண்கோலைச் சேர்த்துப் பாரிசில் தம் பெயரில் காப்புரிமை பெற்றுவிட்டார். (வின்கெலை நினைத்தால் எங்களுக்குப் பாவமாகவே இருக்கிறது.) கோலில் உள்ள எடையை மேலே தள்ளினால் ஆட்டம் மெதுவாகும், கீழே இறக்கினால் விரைவாகும். எண்கள் 40 முதல் 208 வரை. 60-இல் வைத்தால் விநாடிக்கு ஒரு தட்டு. கைப்பேசியில் இதே வேலையைச் செய்யும் செயலிகள் இன்று இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் கோல் ஆடுவதைக் கண்ணால் பார்ப்பதில் ஒரு நன்மை உண்டு: அடுத்த தட்டு வந்துகொண்டிருப்பது முன்னதாகவே தெரிகிறது.

மிஸ் முதலில் வைத்தது 96 அல்ல, 60. மெதுவாக வாசிப்பது சுலபம் என்று நினைப்பவர்கள் ஒருமுறை முயன்று பார்க்கட்டும். தட்டுக்கும் தட்டுக்கும் நடுவில் இடைவெளி பெரிதாகப் பெரிதாக, அதில் கை முந்திக்கொள்ள இடமும் பெரிதாகிறது. அந்த வெற்றிடத்தை நிரப்ப எங்களுக்கு உதவியது நம் ஊர்ச் சொற்கட்டு. எங்களில் ஒருத்தி வீணை கற்கிறாள். சரளி வரிசையை மூன்று காலத்தில் வாசிக்கும்போது கைத்தாளம் மாறாது, ஸ்வரங்கள்தாம் இரட்டிக்கும் என்று அவள் விளக்கினாள். ஆறு எண்ணிக்கையை ‘தகிட தகிட’ என்று வாய்விட்டுச் சொல்லச் செய்ததும் அவளே. வாய் சொல்வதைக் கை பின்பற்றும். கையை மட்டும் நம்பினால் அது தன் இஷ்டத்துக்குப் போகும்.

எங்கே விரைகிறது, எங்கே தயங்குகிறது என்பதை மிஸ் தம் கைப்பேசியில் பதிவுசெய்து போட்டுக் காட்டினார். முதல் இரு கட்டங்கள் ஜி-யிலேயே நிற்கின்றன. விரல்களுக்கு வேலை இல்லை. ஆகவே அங்கே ஓட்டம். ஐந்தாம் கட்டத்திலிருந்து சி-யும் ஜி-யும் மாறி மாறி வருகின்றன. அங்கே தயக்கம், தயங்கியதை ஈடுகட்ட மறுபடி ஓட்டம். இதற்கு மருந்து வலக் கையில் இருக்கிறது. இடக் கை தயாராகட்டும் என்று வலக் கை காத்திருக்கவே கூடாது. கார்டு பிடிபடாவிட்டால் ‘டக்’கென்று செத்த ஓசை வரும். வரட்டும்! ஒரு கார்டு விட்டுப்போனால் கேட்பவர்களில் பலருக்குத் தெரியாது. காலம் விட்டுப்போனாலோ, பின்வரிசைப் பெஞ்சில் இருப்பவருக்கும் தெரிந்துவிடும். ஆறாவது எண்ணிக்கையிலேயே இடக் கை விரல்களைத் தூக்கிவிட வேண்டும் என்பது இன்னொரு யுக்தி. அந்த ஒரு எண்ணிக்கைக்குத் தந்திகள் வெறுமனே ஒலித்தாலும் காதுக்கு உறுத்துவதில்லை.

ஆறு பேருக்கு எங்களிடம் கிட்டார் நான்குதான். இந்தப் பற்றாக்குறையே பெரிய உதவியாக அமைந்தது. நால்வர் வாசிக்க, கிட்டார் இல்லாத இருவர் மெட்ரோனோமைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவார்கள். இரண்டு கட்டம் கதவு திறந்திருக்கும். பிறகு சாத்திவிடுவார்கள். உள்ளே தட்டு கேட்காது. மேலும் இரண்டு கட்டம் எங்கள் மனக்கணக்கிலேயே போக வேண்டும். கதவு திறக்கும்போது எங்கள் ‘த’-வும் பெட்டியின் தட்டும் ஒன்றாக விழுகின்றனவா? செப்டம்பரில் ஒரு நாளும் விழவில்லை. அக்டோபரில் இரண்டு கட்டம் தாங்கியது. நவம்பரில் நான்கு கட்டம்! பெட்டி இருக்கும்போது சேர்ந்து வாசிப்பதைவிட, அது இல்லாதபோது சேர்ந்திருப்பதே பெரிது என்பது எங்கள் துணிபு. தங்கைமார் யாரேனும் ஒரே ஒரு பயிற்சிதான் செய்ய முடியுமென்றால் இதையே செய்யுங்கள். ஆனால் கதவை மெல்லச் சாத்துங்கள். பக்கத்து வகுப்பிலிருந்து எங்களுக்கு இருமுறை ஓலை வந்தது.

மண்டபத்தில் வேறொரு சிக்கல் காத்திருந்தது. நாங்கள் மேடையில்; சிறுமியர் எதிரே மாடியில். ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் செல்லும். 17 மீட்டர் தள்ளி நிற்பவர்கள் நம் தட்டைக் கேட்டுப் பாடி, அது நம்மிடம் திரும்பி வருவதற்குள் பத்தில் ஒரு விநாடி போய்விடுகிறது. அவர்களுக்காக நாங்களும் எங்களுக்காக அவர்களும் காத்திருந்தால் பாட்டு ஜவ்வாக இழுபடும். பாடத்தில் படித்த கணக்கு இப்படி நேரில் வந்து நிற்குமென்று யார் கண்டது? இரு சாராரும் நடுவில் நிற்கும் மிஸ்ஸின் கையை மட்டும் பார்ப்பதென்று முடிவு செய்தோம்.

விழாவன்று மூன்றாம் சரணம் 44 விநாடி. எட்டாம் கட்டத்தின் முடிவில் குழந்தைகள் மூச்சிழுத்தது மேடைவரை கேட்டது.

ஆண்டு விழாவுக்கு இப்போது ஒரு நான்கு எண்ணிக்கைப் பாட்டு பழகி வருகிறோம். அதில் எஃப் கார்டு வருகிறது. ஒரே சுட்டுவிரலால் ஆறு தந்திகளையும் அழுத்த வேண்டும். மெட்ரோனோம் இந்த வாரம் 50-இல் நிற்கிறது.