விடியாத நேரத்துத் தாம்பரம்

தென் மாவட்ட எக்ஸ்பிரஸ் ரயில்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தாம்பரத்துக்கு வந்து சேரும்போது இன்னும் விடிந்திருக்காது. எழும்பூர் வரை போகாமல் இங்கேயே இறங்கிக்கொள்வது புறநகர்க்காரர்களின் வழக்கம். முறுக்கு டின், வாழைத்தார், தூங்கி வழியும் குழந்தை சகிதமாக இறங்கும் குடும்பம் முதலில் தேடுவது நடைமேம்பாலத்தின் படிக்கட்டைத்தான். ரயில் நிலையம் எத்தனை அழகாக இருந்தால் என்ன, அந்த நேரத்தில் படியின் விளிம்பு கண்ணுக்குத் தெரிந்தால் போதும்.

இந்தப் பக்கத்துக்கு மின்சார ரயில் வந்தது 1931-ல், கடற்கரையிலிருந்து மீட்டர் கேஜ் பாதையில். அதற்கும் முன்பே, 1895-ல், மெட்ராஸில் மின்சார டிராம் ஓடத் தொடங்கிவிட்டது. நகரத்துக்குள்ளேயே சுற்றிச் சுற்றி 1953-ல் நின்றும்போனது. மீட்டர் கேஜ் 2004-ல் விடைபெற்றது. மெட்ரோ 2016-ல் விமான நிலையம் வரை வந்தது. பல்லாவரம், குரோம்பேட்டை ஆட்களுக்கு இன்றும் மின்சார ரயில்தான் கதி.

தாம்பரத்துக்கு அடுத்த ஸ்டேஷன் சானடோரியம். டாக்டர் சவுரிமுத்து 1928-ல் காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய மருத்துவமனையால் வந்த பெயர். காசநோய்க்குச் சரியான மருந்தில்லாத காலம். நல்ல காற்றும் வெயிலும்தான் சிகிச்சை. வெளிச்சத்தையே மருந்தாகக் கொடுத்த இடத்தின் பெயரில் ஒரு ஸ்டேஷன்!

பிரான்ஸில் ஸ்ட்ராஸ்பூர்க் நகரின் விளிம்பில் ஹோன்ஹைம் டிராம் முனையம் இருக்கிறது. கட்டடக் கலைஞர் ஜஹா ஹதீத் வடிவமைத்து 2001-ல் திறந்தது. கான்கிரீட் கூரையில் கோடு கோடாக விளக்குகள். காரை நிறுத்திவிட்டு டிராமுக்கு நடப்பவருக்கு அந்தக் கோடுகளே வழி காட்டும்.

இப்போது அதற்கும் ஒரு படி மேலே போய், ஆள் வந்தால் பிரகாசமாகி, போனதும் மங்கிக்கொள்ளும் சென்சார் விளக்குகள் வந்துவிட்டன. மின்சாரம் மிச்சம்தான். ஆனால் தாம்பரம் நடைமேடை எப்போது காலியாக இருக்கிறது, விளக்கு மங்குவதற்கு? அவை பயன்படக்கூடிய இடம் சின்ன ஸ்டேஷன்களின் சுரங்கப்பாதையும் நடைமேம்பாலத்தின் கடைசிப் படிகளும். அங்கும் ஒரு நிபந்தனை உண்டு. இரவு ஷிஃப்ட் முடித்து வரும் நர்ஸ் உள்ளே காலை வைத்த பிறகு விளக்கு எரிந்து பயனில்லை. மூலையில் யார் நிற்கிறார்கள் என்பது வாசலிலேயே அவருக்குத் தெரிய வேண்டும். அதனால் முழு இருட்டு கூடாது. மங்கல் வெளிச்சம் எப்போதும் இருந்து, ஆள் வருமுன் கூட வேண்டும்.

ஜி.எஸ்.டி. சாலைப் பக்கம் டீக்கடை பாய்லர் கொதிக்கிறது. குழந்தை தோளில் தூங்க, முறுக்கு டின்னைத் தரையில் வைத்துவிட்டு அந்தக் குடும்பம் இரண்டு டீ சொல்கிறது. கிழக்கே வானம் மெல்ல வெளுக்கிறது.