கேட்டுச் சாப்பிடுவோம்

எங்கள் கட்டடத்துக்குப் புதிதாகக் குடிவந்த ஒரு குடும்பத்தைப் போன மாதம் மத்தியானச் சாப்பாட்டுக்கு வெளியே கூட்டிச் சென்றேன். கணவன், மனைவி, எட்டு வயதில் ஒரு மகள். ஸ்காபரோவில் உள்ள ஒரு சிறிய வியட்நாமியக் கடை. மெனு அட்டை வந்ததும் மகள் ஒரு படத்தின் மேல் விரலை வைத்துவிட்டாள். தாய் தகப்பனைப் பார்த்தார். தகப்பன் அட்டையை இரண்டு தரம் புரட்டிவிட்டு, "அண்ணை, நீங்கள் என்ன எடுக்கிறியளோ அதையே எங்களுக்கும் சொல்லுங்கோ. எங்களுக்கு இதொண்டும் விளங்காது" என்றார்.

அந்தத் தயக்கம் எனக்குப் பழக்கமானது. அதனால் எங்கள் வீட்டில் நடந்த ஒன்றைப் புதிதாக வந்திருக்கும் உறவுகளுக்குச் சொல்லலாம் என்று இதை எழுதுகிறேன்.

நான் ரொறன்ரோவுக்கு வந்தது 1988 இல். வெல்லஸ்லி தெருப் பக்கம் ஒரு அப்பாட்மென்றில் ஏழு பேர் இருந்தோம். எங்களுடைய முதல் கனடியச் சாப்பாடு பொக்கற் நூடில்ஸ்தான். யப்பானில் மொமொஃபுகு அன்டோ என்பவர் 1958 இல் விற்பனைக்குக் கொண்டுவந்த சரக்கு அது. போருக்குப் பின் யப்பானில் நிலவிய சாப்பாட்டுத் தட்டுப்பாட்டைக் கண்டுதான் அவருக்கு அந்த எண்ணம் வந்தது என்று பின்னாளில் வாசித்தபோது, எங்களிடம் அது வந்து சேர்ந்ததில் அதிசயமில்லை என்று நினைத்துக்கொண்டேன். வெங்காயமும் பச்சை மிளகாயும் வதக்கி, ஊரிலிருந்து வந்த மிளகாய்த்தூளைத் தூவி, முட்டை உடைத்து ஊற்றிக் கிளறினால் ஏழு பேருக்கும் காணும். பொக்கற்றோடு வரும் சிறு பையில் இருக்கும் தூள் எதனால் செய்தது என்று நாங்கள் ஒருவரும் வாசித்துப் பார்க்கவில்லை.

பிறகு ஒரு இத்தாலிய உணவகத்தில் கோப்பை கழுவும் வேலை கிடைத்தது. அங்கே பெரிய சமையற்காரர் தென் இத்தாலியாவைச் சேர்ந்தவர். இரவு கடை பூட்டிய பின் வேலைக்காரருக்கு அவர் சமைத்துத் தருவது மிக எளிமையான ஸ்பகெற்றி. ஒலிவ் எண்ணெயில் உள்ளியைச் சீவிப் போட்டு, செத்தல் மிளகாயை நொறுக்கிப் போட்டு, அவித்த ஸ்பகெற்றியை அதில் பிரட்டுவார். அவ்வளவுதான். முதல் வாய் வைத்ததும், இது எங்கள் வீட்டுத் தாளிப்பல்லவா என்று எனக்குப் பட்டது. ஆனால் ஸ்பகெற்றி நடுவில் சற்று இறுக்கமாக இருந்தது. வேகவில்லை என்று நினைத்து, பேசாமல் விழுங்கினேன். பல்லில் கொஞ்சம் பிடிபட வேண்டும், அதுதான் அவர்களுடைய பதம் என்று அறிய எனக்கு ஆறு மாதம் சென்றது. கேட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

மார்க்கோ போலோ சீனாவிலிருந்து கொண்டுபோனதுதான் பாஸ்ரா என்று பலரும் சொல்வார்கள். அது வெறும் கதை. அவர் பிறப்பதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே, 1154 இல், அல் இத்ரிசி என்ற அரபுப் புவியியலாளர் சிசிலித் தீவில் மாவினால் நூல் போன்ற உணவு செய்து கப்பல்களில் ஏற்றி அனுப்புவதைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார்.

1992 இல் அம்மா வந்து சேர்ந்தார். கிளாலிக் கடலை இரவில் வள்ளத்தில் கடந்து, கொழும்பில் மாதக்கணக்கில் காத்திருந்து வந்தவர். அம்மா சுத்த சைவம். முட்டையும் தொடமாட்டார். வந்த மூன்றாம் கிழமை, நல்ல குளிர் நாளில், அம்மாவை ஸ்படைனாத் தெருச் சீனக் கடைகளைக் காட்டக் கூட்டிப் போனேன். கை விறைத்துவிட்டது என்றார். ஒரு நூடில்ஸ் கடைக்குள் நுழைந்தோம். ஆவி பறக்கும் பெரிய கிண்ணங்கள். கறுவா, கராம்பு, இஞ்சி வாசம். அம்மாவின் முகம் மலர்ந்தது. "ஊர்ச் சரக்கு வாசமடா தம்பி" என்றார்.

மேலே இறைச்சித் துண்டு போடாமல் ஒன்று தரும்படி கையால் காட்டிக் கேட்டேன். தந்தார்கள். வெள்ளை அரிசி நூடில்ஸ், முளைப்பயறு, துளசி மாதிரி ஒரு இலை, தேசிக்காய். அம்மா கிண்ணத்தைத் தூக்கிக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். கனடாவுக்கு வந்த பின் அவர் வயிறாரச் சாப்பிட்ட முதல் வெளிச்சாப்பாடு அது.

இரண்டு நாள் கழித்து வீட்டுக்கு வந்த சிநேகிதன் ஒருவனிடம் அம்மா அந்தச் சூப்பைப் பற்றிப் பெருமையாகச் சொன்னார். அவன் கள்ளங்கபடமில்லாமல், "அன்ரி, அது ஃபோ எல்லோ. மாட்டெலும்பை மணித்தியாலக் கணக்கா அவிச்ச தண்ணி" என்றான்.

அம்மா ஒன்றும் பேசவில்லை. எழுந்து போய்த் தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்தார். அன்று முழுவதும் தண்ணீர் கூடக் குடிக்கவில்லை. இரவு என்னைக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "நீ தெரியாமத் தந்தனியோ, கேக்க வெக்கப்பட்டுத் தந்தனியோ?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. எனக்கு உள்ளூரச் சந்தேகம் இருந்தது. ஆனால் என்னுடைய உடைந்த ஆங்கிலத்தில், நாலு பேர் பார்த்திருக்க, "இந்தத் தண்ணியில என்ன இருக்கு?" என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கடைக்காரரில் ஒரு பிழையும் இல்லை. நான் கேட்டதை அவர்கள் தந்தார்கள். கேட்க வேண்டியதை நான் கேட்கவில்லை.

பிறகு யோசித்துப் பார்த்தேன். விமான நிலையத்திலும், குடிவரவு அலுவலகத்திலும், அகதி விசாரணையிலும் மற்றவர்கள்தான் எங்களைக் கேள்வி கேட்டார்கள். பதில் சொல்லிச் சொல்லியே பழகிய எங்களுக்கு, நாங்களும் ஒரு கேள்வி கேட்கலாம் என்பது மறந்து போய்விட்டது. காசு கொடுத்துச் சாப்பிடும் கடையிலும் விண்ணப்பம் கொடுத்தவர்கள் போல் இருந்தோம்.

அன்றிலிருந்து ஐந்து வருடம் அம்மா வெளியில் ஒரு வாய் சாப்பிடவில்லை. கலியாண வீட்டுக்கும் கைப்பையில் வாழைப்பழம் கொண்டு போவார். பிறந்தநாள் விழாக்களில் ஒரு மூலையில் இருந்து தண்ணீர் மட்டும் குடிப்பார். என்னை அவர் ஒருநாளும் ஏசவில்லை. ஏசியிருந்தால் சுகமாக இருந்திருக்கும்.

1997 இல் நான் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டிருந்தேன். பக்கத்து மேசையில் நின்றவர் ஒரு வியட்நாமியப் பெண். பௌத்தர். சந்திர மாதத்தின் முதலாம் நாளும் பதினைந்தாம் நாளும் தான் மச்சம் சாப்பிடுவதில்லை என்றார். அவர்கள் பாஷையில் அதற்கு 'சாய்' என்று பெயர். சாய் சாப்பாடு மட்டும் சமைக்கும் கடைகளும் இருக்கின்றன என்று ஒன்றின் விலாசத்தை எழுதித் தந்தார்.

அம்மாவை வரச் சம்மதிக்க வைக்க இரண்டு கிழமை பிடித்தது. "வாறன். ஆனா நான்தான் கேப்பன்" என்றார். கடைக்குள் போனதும் பரிமாறும் அம்மாவை நிறுத்தி, "நோ மீற்? நோ பிஷ்? நோ எக்? சூப் வோட்டர்?" என்று ஒவ்வொரு விரலாக மடக்கிக் கேட்டார். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே அம்மாவின் கையைப் பிடித்துக் குசினிக்குள் அழைத்துப் போய்ப் பானையைத் திறந்து காட்டினார். முள்ளங்கி, கரட், காளான். அம்மா தலையை ஆட்டினார்.

மேசைக்கு வந்த தட்டைப் பார்த்து இருவருமே திகைத்துப் போனோம். மெல்லிய அரிசிமா நூல்கள் பின்னிப் பின்னி, சிறு சிறு தட்டையாக நீராவியில் அவித்து அடுக்கியிருந்தது. பெயர் 'பான் ஹோய்'. "இது எங்கட இடியப்பமெல்லோ!" என்றார் அம்மா. இரண்டு கையாலும் இடியப்ப உரலைப் பிழிவதுபோலச் செய்து காட்டினார். அந்தப் பெண்ணும் அதேபோல் செய்து காட்டித் தலையாட்டினார். தான் கடல் வழியாக வந்தவர் என்பதை 'போட்' என்ற ஒரு சொல்லாலும் கைகளாலும் சொன்னார். அம்மாவும் "மீ போட்" என்றார். அதற்கு மேல் இருவருக்கும் பாஷை தேவைப்படவில்லை.

1979, 1980 ஆம் ஆண்டுகளில் மட்டும் இந்தோசீன அகதிகள் ஏறத்தாழ 60,000 பேரைக் கனடா ஏற்றுக்கொண்டது. ஃபோவுக்கும் இடப்பெயர்வுக் கதை உண்டு. அது வட வியட்நாமின் சூப். 1954 இல் நாடு இரண்டாகப் பிரிக்கப்பட்டபோது தெற்கே இடம்பெயர்ந்த வடபகுதி மக்களோடுதான் அது சைகோனில் பெரிதாகப் பரவியது. பின்னர் அங்கிருந்து ஓடியவர்களோடு உலகமெங்கும் வந்தது. அம்மாவை மனம் வருந்த வைத்த கிண்ணமும் எங்களைப் போலவே அலைந்து வந்ததுதான்.

புதிதாக வந்திருப்பவர்களுக்கு நான் கற்றுக்கொண்ட சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். வியட்நாமிய, தாய்லாந்துச் சமையலில் உப்புக்குப் பதிலாகப் பெரும்பாலும் பிஷ் சோஸ்தான் விடுவார்கள். நெத்தலியையும் உப்பையும் மாதக்கணக்கில் ஊறவைத்து வடிக்கும் சாறு அது. மரக்கறி நூடில்ஸ் என்று எழுதியிருந்தாலும் அது இருக்கலாம். தாய்லாந்துக்காரரின் 'பாட் தாய்' பழப்புளியும் கச்சானும் சேர்ந்தது, எங்கள் வாய்க்கு நன்றாகப் பிடிக்கும்; ஆனால் கூனி இறாலும் போடுவார்கள். கச்சான் ஒவ்வாத பிள்ளைகள் இருந்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சீனக் கடைகளில் மரக்கறிக்கு ஒய்ஸ்ரர் சோஸ் ஊற்றுவது வழக்கம். மஞ்சள் நூடில்ஸில் பெரும்பாலும் முட்டை இருக்கும். உறைப்பு வேண்டுமென்றால் ஹக்காக் கடைகளுக்குப் போகலாம். கல்கத்தாவில் தலைமுறைகளாக வாழ்ந்துவிட்டு இங்கே வந்த சீனர்கள் தொடங்கிய சமையல் அது.

இத்தாலியக் கடையில் 'பொலொனேஸ்' என்றால் இறைச்சிக் குழம்பு, பெரும்பாலும் மாடு. 'கார்பொனாரா'வில் பன்றியும் முட்டையும் உண்டு. 'மரினாரா' தக்காளியும் உள்ளியும் மட்டும். அசல் பார்மிஜானோ சீஸில் பாலைத் திரையவைக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த பொருளைச் சேர்க்கிறார்கள். சுத்த சைவர்கள் சீஸ் வேண்டாம் என்று சொல்லலாம். ஒருவரும் கோபிக்க மாட்டார்கள். சாப்பிடும் குச்சி பிடிக்க வராவிட்டால் முள்ளுக்கரண்டி கேளுங்கள். குச்சியைச் சோற்றில் மட்டும் குத்தி நிறுத்தாதீர்கள். அது இறந்தவர்களுக்குப் படைக்கும் முறை.

அம்மா 2006 இல் காலமாகும் வரை மாதத்தில் ஒரு நாளாவது அந்தச் சாய் கடைக்குப் போய்வந்தார். கடைசி வருடங்களில் எங்களைக் கூட்டிக்கொண்டும் போவதில்லை. தானே பஸ் எடுத்துப் போய்விடுவார்.

இதையெல்லாம் போன மாதம் அந்தக் குடும்பத்துக்கு முழுவதும் சொல்லவில்லை. தகப்பன் என்னையே சொல்லச் சொன்னபோது, "நான் சொல்லமாட்டன் தம்பி. நீங்களே கேளுங்கோ. எவ்வளவு நேரமெண்டாலும் அவை நிப்பினம்" என்று மட்டும் சொன்னேன். அவர் தயங்கினார். மனைவிதான் பரிமாறுபவரை நிமிர்ந்து பார்த்து, மெதுவாக, "திஸ் சூப்... பீஃப் ஓர் சிக்கன்?" என்று கேட்டார். அந்தப் பையன் குனிந்து அட்டையில் ஒவ்வொன்றாகக் காட்டி விளங்கப்படுத்தினான். மகளுக்கு அவள் விரல் வைத்த படத்துக்குப் பக்கத்தில் இருந்த கோழி நூடில்ஸைச் சொன்னார்கள். தாய்க்கு அன்று வெள்ளிக்கிழமை விரதம். ரோஃபுவும் மரக்கறியும் போட்ட அரிசி நூடில்ஸ், பிஷ் சோஸ் இல்லாமல்.

அவர் சாப்பிட்டு முடிக்கும் வரை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னுடைய கிண்ணம் ஆறிப்போய்விட்டது.