முடி வளர்ந்த பிறகும்...

கீமோதெரபி முடிந்து முடியும் வளர்ந்து விட்டால், எல்லாம் சரியாகி விட்டது என்றுதான் வீட்டில் நினைக்கிறார்கள். ஆனால் மளிகைக் கடைக் கணக்கை மனதிலேயே கூட்டிச் சொன்ன ஒரு அம்மா, இப்போது இரண்டு தடவை கூட்டினால் இரண்டு விடை வருகிறதே என்று தவிக்கிறார். "கவனம் எங்கே இருக்கு?" என்று திட்டு வேறு!

இதற்கு நோயாளிகள் வைத்த பெயர் 'கீமோ பிரெய்ன்'. வெறும் மனக்கவலை என்று டாக்டர்களே ஒதுக்கிய காலம் உண்டு. 2018-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் மெத்தோட்ரெக்சேட் மருந்தை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். மருந்தை நிறுத்திய பிறகும் மூளையில் நரம்புகளின் மேலுறை மெலிந்திருந்தது, நினைவும் தடுமாறியது. ஆக, இது வெறும் கவனக்குறைவு அல்ல.

பலருக்குப் போகப் போகச் சரியாகிறது. சிலருக்கு வருடக்கணக்கில் நீடிக்கிறது. அதுவரை கையில் ஒரு சின்ன நோட்டு, பக்கத்தில் திட்டாத மனிதர்கள். அந்த அம்மா கேட்பது இவ்வளவுதான்.