மூழ்கிய கப்பலின் மேல் நின்றவர்

எங்கள் மூத்தம்மாவின் வாப்பாவை ஊரில் 'கப்பல் புழுகர்' என்றுதான் சொல்வார்களாம். நான் பிறக்க முன்னரே மௌத்தாகிவிட்டார். இரண்டாம் உலக யுத்த காலத்தில் திருகோணமலைத் துறைமுகத்தில் நாட்டாமை வேலை செய்தவர். சுபஹ் தொழுதுவிட்டு, கிண்ணியாவிலிருந்து தோணியில் துறையைக் கடந்து, சீனக்குடாப் பக்கம் நடந்தே போவாராம். அவர் அடிக்கடி சொன்ன கதை இது:

"மூழ்கின கப்பலுக்கு மேல நிண்டு நான் மூட்டை இறக்கியிருக்கன்."

கேட்டவர்கள் எல்லாம் சிரித்தார்கள். மூழ்கின கப்பல் கடலுக்கு அடியில் அல்லவா கிடக்கும்? மூத்தம்மாவின் தம்பி கல்யாண வீடுகளில் சாரத்தை முழங்காலுக்கு மேல் உயர்த்திக்கொண்டு, தண்ணீரில் நிற்பதைப் போல் அதை நடித்துக் காட்டுவாராம். கடைசிக் காலத்தில் அவர் அந்தக் கதையைச் சொல்வதையே விட்டுவிட்டார்.

2018 மார்ச்சில் ஒரு பழைய கப்பலைக் கடற்படையினர் துறைமுகத்தின் அடியிலிருந்து தூக்கியதைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். நான் அப்போது புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். துருவும் சேறும் சிப்பியுமாக ஏதோ ஒன்று மிதந்தது. அவ்வளவுதான் நினைவிருந்தது. இந்த வருடம் வரலாற்றுப் பாட ஒப்படைக்குத் தலைப்புத் தேடியபோது அந்தக் கப்பல் ஞாபகம் வந்தது.

அதன் பெயர் சாகைங். பர்மாவில் ஐராவதி நதிக்கரையிலுள்ள ஓர் ஊரின் பெயர். ஸ்கொட்லாந்தின் டம்பார்ட்டன் நகரில் 1924இல் கட்டப்பட்ட நீராவிக் கப்பல். நீளம் ஏறத்தாழ 450 அடி. ஹென்டர்சன் கம்பனிக்காகப் பிரித்தானியாவுக்கும் ரங்கூனுக்கும் இடையே பிரயாணிகளையும் சரக்கையும் ஏற்றி ஓடியது. யுத்தம் வந்ததும் அதன் சரக்கும் மாறியது. விமானங்கள், வெடிபொருள்கள், மதுப் பெட்டிகள். (கடைசியைக் கேட்டதும் மூத்தம்மா, "என்ட வாப்பா அதத் தொட்டிருக்க மாட்டாரு" என்றார்.)

1942 ஏப்ரல் 5இல் கொழும்பைத் தாக்கிய ஜப்பானிய விமானங்கள் 9ஆம் திகதி காலை திருகோணமலைக்கு வந்தன. எதிரிக் கப்பல்கள் நெருங்குவது முன்பே தெரிந்துவிட்டதால், ஹேர்மிஸ் முதலான போர்க்கப்பல்கள் முதல் நாள் இரவே துறைமுகத்தை விட்டு வெளியேறியிருந்தன. அப்படிப் போயும் ஹேர்மிஸ் தப்பவில்லை. அதே நாளில் மட்டக்களப்புக்கு அப்பால் 300க்கும் மேற்பட்ட உயிர்களுடன் மூழ்கியது. துறைமுகத்துக்குள்ளேயே நின்ற சாகைங் குண்டுபட்டுத் தீப்பற்றியது. அதிலிருந்தவர்கள் அதைக் கைவிட்டார்கள்.

கப்பலின் கதை அதோடு முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அடுத்த பந்தியை வாசித்தபோது கை நடுங்கியது. எரிந்துபோன அந்தக் கப்பலை 1943 ஆகஸ்ட் 24ஆம் திகதி பிரித்தானியர் தாங்களாகவே துறைமுகத்தில் மூழ்கடித்திருக்கிறார்கள். எதற்கு? இறங்குதுறையாகப் பாவிப்பதற்கு!

அடிப்பாகம் தரையில் தட்டி உட்கார்ந்த கப்பலின் மேல் ஆட்கள் நின்று வேலை செய்திருக்கிறார்கள்.

ஒப்படையைப் பார்த்த டீச்சர், "உங்கட பூட்டனார் நின்றது இந்தக் கப்பலில்தான் என்பதற்கு ஆதாரம் எங்கே, மகள்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். கப்பலைக் கட்டியவர், சொந்தக்காரர், நீள அகலம் எல்லாம் கிடைத்தன. மூட்டை தூக்கியவர்களின் பெயர்கள் நான் பார்த்த எதிலும் இல்லை. அதனால் அந்தப் பகுதியை 'குடும்ப வழக்கு' என்று எழுதிக் கொடுத்தேன். ஆனாலும் அவர் சொன்னது நடக்க முடியாத காரியமல்ல என்பது இப்போது எனக்குத் தெரியும்.

2018இல் தூக்கிய பிறகு அந்தக் கப்பலை இழுத்துச்சென்று ஆழ்கடலில் திரும்பவும் மூழ்கடித்துவிட்டார்கள். இனிப் போய்ப் பார்க்க ஒன்றுமில்லை.

நான் வாசித்துக் காட்டியபோது மூத்தம்மா ஒன்றும் பேசவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஃபோன எடு மகள்" என்றார். மூதூரிலிருக்கும் தம்பிக்கு அடிக்கச் சொன்னார். ஸலாம்கூடச் சொல்லவில்லை.

"டேய், வாப்பா புழுகல்லடா."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு அந்தக் கிழவர், "புள்ளைட்டக் குடு ராத்தா" என்றார். நான் முதலிலிருந்து திரும்பவும் வாசித்தேன்.