மண்டைதீவுக்கு வரவேண்டிய ஆட்டம்

2023 ஓகஸ்ட்

லங்கா பிறீமியர் லீக்கின் முதல் மூன்று பருவங்களிலும் கிண்ணத்தை வென்றிருந்த யாழ்ப்பாண அணி, நான்காம் பருவத்தில் ஐந்து அணிகளுள் நான்காவதாகவே அடுத்த சுற்றுக்குள் நுழைந்து, தோற்ற அணி வெளியேறும் விலக்கல் ஆட்டத்தில் கண்டியிடம் வீழ்ந்தது. மணிக்கட்டைச் சுழற்றி, வலக்கை ஆட்டக்காரரின் கால்பக்கத்தில் விழுந்து வெளிப்பக்கம் திரும்புமாறு வீசுவதே லெக் ஸ்பின் எனப்படும். அதில் தேர்ந்த கண்டி வீரர் வனிந்து ஹசரங்க 9 ஓட்டங்களை மட்டும் கொடுத்து 6 விக்கெட்டுகளைச் சாய்த்த நிலையில், யாழ்ப்பாணத்தின் ஜப்னா கிங்ஸ் அணியால் எழ முடியவில்லை.

2024 ஜூலை 18

திசர பெரேராவுக்குப் பின் தலைமையேற்ற சரித் அசலங்கவின் ஜப்னா கிங்ஸ் அணி, பட்டியலின் முதல் இரு அணிகள் மோதும் தகுதிகாண் ஆட்டம் வரை முன்னேறியதே சென்ற பருவத்தைக் காட்டிலும் தெளிவான ஏற்றமாகும். கோல் மார்வல்ஸ் அணியிடம் தோற்றாலும், இவ்வாட்டத்தில் தோற்பவருக்கு மறுவாய்ப்பு உண்டென்ற விதி அதனைக் காத்தது.

2024 ஜூலை 20

மறுவாய்ப்பில் எதிர்கொண்டது கண்டியை. அதன் தலைவரும் அதே ஹசரங்கதான். யாழ்ப்பாண அணியின் குசல் மெண்டிஸ் சதமடித்தும் ஆட்டம் கடைசிவரை இழுபட்டு, ஒரே ஓர் ஓட்டத்தால் யாழ்ப்பாணம் வென்றது. பருவத்தின் உண்மையான திருப்பம் இறுதிப்போட்டியல்ல, இந்த ஓர் ஓட்டமே எனல் தகும்.

2024 ஜூலை 21

கொழும்பு பிரேமதாச அரங்கில் கோல் மார்வல்ஸ் 184 ஓட்டங்களைக் குவித்தது. பதிலுக்கு ஆடி, விரைவிலேயே ஒரு விக்கெட்டை இழந்த பின்னர், ரைலி ரூசோ ஆட்டமிழக்காமல் 106, மெண்டிஸ் ஆட்டமிழக்காமல் 72 எனச் சேர்க்க, 15.4 ஓவர்களில் இலக்கை எட்டிய ஜப்னா கிங்ஸ், யாழ்ப்பாணத்துக்கு நான்காவது கிண்ணத்தைப் பெற்றுத் தந்தது.

ஆயினும் இந்த ஐந்து பருவங்களிலும் யாழ்ப்பாண மண்ணில் ஓர் ஆட்டமேனும் நடைபெறவில்லை. குறிகட்டுவான் இறங்குதுறைக்கு வள்ளமேறி வரவேண்டிய நெடுந்தீவு, நயினாதீவு மக்களுக்கு, அங்கிருந்து யாழ்ப்பாண நகரமும், அதற்கப்பால் ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தொலைவில் கொழும்பும் இருக்க, தம் மாவட்டத்தின் பெயர் தாங்கிய அணி தொலைக்காட்சித் திரைக்குரியதாகவே இருந்துவந்தது. அவ்வணியில் இம்மண்ணின் முகமாக விளங்கியவர், யாழ் மத்திய கல்லூரி மாணவராயிருந்து, 2020 டிசெம்பர் 4 அன்று அறிமுக ஆட்டத்திலேயே அஞ்சலோ மத்தியூஸின் விக்கெட்டைக் கைப்பற்றி, 2024இல் ஐபிஎல் வரை சென்ற லெக் ஸ்பின்னர் விஜயகாந்த் வியாஸ்காந்த்.

2025 செப்டெம்பர் 1

பண்ணைப் பாலத்தைக் கடந்தால் முதலில் எதிர்ப்படும் மண்டைதீவில், சர்வதேச கிரிக்கெட் மைதானத்துக்கு ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க அடிக்கல் நாட்டினார். தீவின் கண்டற்காடுகளும் சதுப்புநிலங்களும் குறித்துச் சூழலியலாளர் எழுப்பிய கவலைகள் புறந்தள்ளத்தக்கவையல்ல. நீரோட்டத்தை மறிக்காத கட்டுமானமே தீவகத்துக்கு ஏற்றது. அரங்கு எழும் முன்னரே ஊர்காவற்றுறை, வேலணை, நெடுந்தீவுப் பாடசாலைகளுக்குச் செம்மையான ஆடுகளங்களையும் நிரந்தரப் பயிற்றுநர்களையும் வழங்கக் கல்வித் திணைக்களமும் கிரிக்கெட் நிறுவனமும் இப்பொழுதே முன்வரவேண்டும்.